நான் ஓடாத ஒரு மைல்

எனக்கு மறதி ஜாஸ்தி. சாப்பிட்டுக் கை கழுவினதும் என்ன குழம்புன்னு கேட்டாச் சொல்ல வராது. ஆனா என் அத்தை மகன் எனக்குப் பண்ணினதை மட்டும் எப்பக் கேட்டாலும் வரிசை பிசகாமச் சொல்லுவேன். "ஒரு ஓட்டப்பந்தயம்தானே, இத்தனை வருசம் கழிச்சு அதுக்குப் போயா"ன்னு சிரிக்கிறவங்க இருக்காங்க. சிரிச்சிட்டுப் போகட்டும், அவங்க வயிறா எரியுது?

எங்க ஊரு போடிநாயக்கனூர். அப்ப ஊருக்கு ரயில் கிடையாது. மதுரைக்குப் போகணும்னா ரெட்டை மாட்டு வண்டியில தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டின்னு வழியில தங்கித் தங்கித்தான் போய்ச் சேரணும். அப்படி வண்டியேறி மதுரையில ஒரு காலேசுல நானும் என் அத்தை மகனும் ஒண்ணாச் சேர்ந்தோம். ஒரே ரூமு, ஒரே விளக்கு, ஒரே எண்ணெய்க் கிண்ணம். என்னைவிட எட்டு மாசம் மூத்தவன். நான் மச்சான்னு கூப்பிடுவேன், அவன் மாப்ளேம்பான். என் தங்கச்சிக்கு அவன்தான்னு அவ தொட்டில்ல கிடந்தப்பவே பேசி வச்சது. இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, எங்கிருந்தோ வந்த எவனோ ஒருத்தன் என்னை ஏமாத்தலை.

படிப்புல நான் சுமார். ஓட்டத்துல மட்டும் என்னை அடிக்க அந்தக் காலேசுல ஆள் இல்லை. ஒரு மைல் ஓட்டம், மைதானத்தை நாலு சுத்து. வருசத்துக்கு ஒருக்கா பல ஊர்க் காலேசுகளும் கூடிப் பந்தயம் நடத்தும். ஒரு மைலுக்கு ஒரு காலேசுக்கு ஒரு ஆள்தான். எங்க காலேசுக்கு நான். எனக்கு முடியாமப் போனா ஓடுறதுக்கு ரிசர்வு ஆளா என் மச்சான். மூணு வருசமா எனக்கு முடியாமப் போகவே இல்லை. காய்ச்சலா இருந்தாலும் கசாயத்தைக் குடிச்சிட்டுப் போயி நின்னிருக்கேன்.

மூணாவது வருசம் திருச்சிக்காரன் ஒருத்தன் கடைசிப் பத்து கஜத்துல என்னைத் தாண்டிட்டான். நெஞ்சளவு வித்தியாசம். பந்தயம் முடிஞ்சதும் வந்து என் கையைப் பிடிச்சு, "அடுத்த வருசம் பார்ப்போம்"னு சொன்னான். நல்ல பையன். அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனா அந்த வருசம் பூராவும் நான் படுத்தா அவன் முதுகுதான் கண்ணுக்குத் தெரியும். நாலாவது வருசந்தான் எனக்குக் கடைசி. பி.ஏ. எழுதிட்டா காலேசும் இல்லை, பந்தயமும் இல்லை. அந்த ஒரு மைல் எனக்கு வேணும். வேற எதுவும் நான் அப்ப சாமிகிட்டக் கேட்கலை.

அந்த வருசம் பார்த்து விஷக்காய்ச்சல் வந்துச்சு. வெள்ளைக்காரங்களோட பெரிய சண்டை முடியப்போற சமயம். பந்தயத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கறப்ப ஹாஸ்டல்ல நாலு பேர் படுத்தாங்க. மறுநாள் பதினொரு பேர். அதுக்கு மறுநாள் பிரின்சிபாலு எல்லாரையும் நிக்க வச்சு, காலேசை மூடுறோம், அவங்கவங்க ஊருக்குப் போங்கன்னு சொல்லிட்டாரு. ஹாக்கி ஆடுற பையன் ஒருத்தன் மட்டையைத் தரையில ஓங்கி அடிச்சான். உயரம் தாண்டுறவன் பேயறைஞ்ச மாதிரி நின்னான். நான் நேரா டிரில் மாஸ்டர்கிட்டப் போனேன்.

"பந்தயம் நிக்கலைடா, தள்ளித்தான் போட்டிருக்கு. தேதி தெரிஞ்சதும் கார்டு எழுதறேன். காலைத் துருப்பிடிக்க விட்டுடாதே"ன்னாரு.

வண்டியில வர்றப்ப வழி நெடுக ஊர் ஊரா சாவு. போடியில எங்க தெருவுலயே ஒன்பது வீட்டுல பாடை கட்டியிருந்தாங்க. மலைமேல ஏலத்தோட்டத்துல கூலி ஆளுங்க கொத்துக் கொத்தா விழுந்து, மிச்சம் மீதி இருந்தவங்க பொட்டி படுக்கையோட கீழே இறங்கிக்கிட்டிருந்தாங்க. நாங்க வந்து மூணாம் நாள் எங்க ஆத்தாளுக்குக் காய்ச்சல் கண்டுச்சு. ஆறு நாள் நினைவு இல்லை. ஏழாம் நாள் கண்ணு முழிச்சு, "அப்பு, நான் பொழச்சு எந்திரிச்சா நீ தீச்சட்டி எடுக்கிறதா மாரியாத்தாகிட்ட நேர்ந்திருக்கேன்"னுச்சு. என்னைக் கேட்காம என் தலையில நேர்த்திக்கடன்! ஆனா பொழச்சு வந்த ஆத்தாகிட்ட எவன் எதிர்த்துப் பேசுவான்? சரின்னுட்டேன். மனசுக்குள்ள மட்டும், பந்தயம் முடிஞ்சு எடுக்கலாம்னு ஒரு ஓரமா வச்சுக்கிட்டேன்.

அப்புறம் ரெண்டு மாசம் நாங்க ரெண்டு பேரும் ஓடினோம். மதுரையில மேடு பள்ளம் இல்லாத மைதானம். இங்கே அதுக்கு எங்க போக? குரங்கணி ரோட்டுல ஊரைத் தாண்டினா மைல்கல்லு வரிசையா நிக்கும். ஒரு கல்லுல இருந்து அடுத்த கல்லு வரைக்கும் ஒரு மைல், அளந்து வச்ச மாதிரி. ஆனா மேடு. விடியக்காலம் பனி இறங்குறப்ப ஏலச்சுமை ஏத்தின கழுதைங்க மணி குலுங்க எதுக்க வரும். ரோட்டை விட்டு இறங்கி வழி விட்டுட்டு மறுபடி ஓடணும். இன்னும் மேல போனா, தலைக்கு மேல கம்பியில தேயிலைப் பெட்டி தொங்கிக்கிட்டே இறங்குறது தெரியும். மலையில இருந்து வர்ற ஆளுங்க, "எவன் துரத்துறான் தம்பி?"ன்னு கேப்பாங்க. நின்னு பதில் சொல்லக்கூட மூச்சு இருக்காது.

அவங்க ஐயா, அதான் எங்க மாமாவோட கடிகாரத்தை மச்சான் கொண்டாந்துடுவான். ஒரு நாள் அவன் என்கூட ஓடுவான், மறுநாள் கல்லுகிட்ட நின்னு நேரம் பார்ப்பான். முதல் மாசம் நெஞ்சு அடைச்சு ரோட்டோரமா வாந்தியெடுத்தேன். ரெண்டாவது மாசம் மேட்டுல ஓடுறேன்கிறதே மறந்துபோச்சு. மார்கழி கடைசியில ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துட்டு அவன் அதைக் காதுல வச்சு ஓடுதான்னு பார்த்தான். "என்ன மச்சான், மோசமா?"ன்னேன். "இல்லை மாப்ளே, போன வருசம் திருச்சிக்காரன் ஓடினதைவிடக் கம்மி, அதுவும் மேட்டுல"ன்னான். நான் அங்கேயே குதிச்சேன். அவனும் சிரிச்சான். அந்தச் சிரிப்பை நான் அன்னைக்கே ஒழுங்காப் பார்த்திருக்கணும்.

எங்க ரெண்டு பேருக்கும் தபாலு மாமாவோட ஏலக்காய் மண்டி விலாசத்துக்குத்தான் வரும். எங்க தெருவுல பாதி வீட்டுக்குக் கதவு நம்பர் கிடையாது. மண்டின்னா ஊருக்கே தெரியும். தினமும் மத்தியானம் மச்சான் மண்டிக்குப் போயிட்டு வந்து, "இன்னைக்கும் இல்லை மாப்ளே"ம்பான். தை பிறந்து நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, ஓடிட்டுத் திரும்பி வர்றப்ப மைல்கல்லுகிட்ட நின்னான்.

"மாப்ளே, நேத்தே கார்டு வந்துருச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. பந்தயம் இந்த வருசம் கிடையாதாம். காலேசே பங்குனியிலதான் திறக்குமாம்."

கார்டைக் காட்டுன்னு நான் கேட்கலை. கேட்கத் தோணவே இல்லை. மைல்கல்லு மேல உக்காந்து பொம்பளைப்பிள்ளை மாதிரி அழுதேன். அவன் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் கொடுத்தான். பாவி, எத்தனை நேரம் தடவினான்னு நினைக்கிறீங்க! வெயில் ஏறுற வரைக்கும் தடவினான்.

அம்மனுக்குச் சித்திரையிலதான் திருவிழா சாட்டுறது வழக்கம். அந்த வருசம் ஊரைக் காய்ச்சல் புரட்டிப் போட்டதால, தை மாசத்துலயே தனியா ஒரு சாட்டு வைக்கிறதுன்னு ஊர் கூடிப் பேசி முடிச்சிருந்தாங்க. வர்ற செவ்வாய்க்கிழமை காப்புக்கட்டு. காப்புன்னா மஞ்சக்கிழங்கை நூல்ல கோத்து மணிக்கட்டுல கட்டுறது. கட்டிட்டா எட்டு நாள் ஊரெல்லையைத் தாண்டக்கூடாது. கறி, மீன்னு கவிச்சி கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, ஒருத்தன் மேல கை ஓங்கக்கூடாது. மீறினா குத்தம் அவனோட போகாது, ஊரு மேலயே வந்து விடியும்னு பயம். காப்புக் கட்டாதவனா இருந்தாலும் அன்னைக்கு ராத்திரி ஊர்ல தங்கினவன் எல்லை தாண்டக்கூடாது, வெளியூர்ல சோலி இருக்கிறவன் இருட்டுறதுக்குள்ள கிளம்பிடணும்.

"பந்தயந்தான் இல்லைன்னு ஆயிருச்சே மாப்ளே. அத்தை நேந்ததை இப்பவே முடிச்சிரு. அத்தைக்கும் மனசு குளிரும்"னான் மச்சான். எங்க ஆத்தாளைத்தான் அவன் அத்தைம்பான். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. ஓடுறதுக்கு ஒண்ணும் இல்லாத காலு, கோயிலைச் சுத்தி நடக்கட்டுமேன்னு நினைச்சேன்.

செவ்வாய்க்கிழமை காலையில ஆத்துல முங்கிட்டு ஈரவேட்டியோட பூசாரி முன்னாடி கையை நீட்டினேன். மச்சான் பக்கத்துலயே நின்னான். முடிச்சுப் போடறப்ப, "நல்லா இறுக்கிக் கட்டுங்க பூசாரி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். அப்புறம், "எனக்கு மலையில தோட்டத்துச் சோலி கிடக்கு மாப்ளே, எல்லை அடைக்கிறதுக்குள்ள வெரசாக் கிளம்புறேன். எட்டு நாளைக்கு நான் இல்லாம இருந்துக்க"ன்னுட்டுப் போனான்.

ரெண்டு நாள் போச்சு. வியாழக்கிழமை காலையில தபால்காரர் எங்க ஐயாவுக்கு ஒரு கடுதாசி கொண்டாந்தாரு. என்னைப் பார்த்துட்டு நின்னாரு.

"என்னப்பு, நீ இங்க இருக்க? நீ போகலையா?"

"எங்கண்ணே?"

"மதுரைக்கு. ஓட்டப்பந்தயம்னு கார்டு வந்துச்சே. உங்க ரெண்டு பேரு பேரும் போட்டு. சனிக்கிழமைன்னு எழுதியிருந்துச்சு, எனக்கு அம்புட்டு இங்கிலீசு தெரியும். உன் மச்சான் கையிலதான் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை பொழுது சாயுறப்ப அவரு தேனிப் பக்கம் வண்டியில போறதைப் பார்த்தேனே. நீ முன்னாடியே போயிட்டன்னுல்ல நினைச்சேன்."

மலை மேற்க இருக்கு, தேனி கிழக்க இருக்கு. மலைக்குப் போறவன் எதுக்குத் தேனி வண்டியில ஏறுறான்? ஒரு நிமிசத்துல எல்லாம் விளங்கிருச்சு. கார்டை ஒளிச்சு வச்சா மட்டும் போதாதுன்னு அவனுக்குத் தெரியும். எப்படியாவது சேதி என் காதுக்கு வந்துரும், வந்தா நடந்தாவது போயிருவேன். அதான் என்னைக் கட்டிப் போட்டுட்டுப் போயிருக்கான். கயிறுல கட்டினா அறுத்துருவேன்னு சாமியை வச்சே கட்டிட்டான். நான் வேற கையை நீட்டிக் கொடுத்திருக்கேன்!

அப்பவும் நேரம் இருந்துச்சு. வியாழக்கிழமை காலையில வண்டி கட்டினா வெள்ளிக்கிழமை பொழுதுக்குள்ள மதுரை. சனிக்கிழமை சாயங்காலம் பந்தயம். நான் உள்ளே போயி, "ஆத்தா, நான் காப்பை அறுத்துட்டு மதுரைக்குப் போறேன்"னேன். நடந்ததைச் சொன்னேன்.

ஐயா கடுதாசியை மடிச்சு வச்சாரு. "போடா, போ. நாளைக்கு இந்தத் தெருவுல எவன் வீட்டுல சாவு விழுந்தாலும் நம்ம வாசல்ல வந்துதான் மண்ணை அள்ளித் தூத்துவாங்க. அதையும் யோசிச்சுக்க"ன்னாரு.

ஆத்தா சத்தமே போடலை. எலும்பும் தோலுமா இருந்துச்சு அப்ப. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல எந்திரிச்சு வந்து, "போறதுன்னாப் போப்பு. எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னுச்சு.

போகாதேன்னு சொல்லியிருந்தாக்கூடப் போயிருப்பேன். ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னதுதான் என்னால தாங்க முடியலை. நான் மதுரையில ஓடிக்கிட்டிருக்கறப்ப இதுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிருச்சுன்னா? சாமி இருக்கோ இல்லையோ, நான் அப்புறம் எந்த மூஞ்சியோட வீட்டுக்கு வர்றது? கொல்லைப்பக்கம் போயி உரல்கல்லை ஒரு எத்து எத்தினேன். பெருவிரல் நகம் பேந்துபோச்சு. போகலை.

சனிக்கிழமை சாயங்காலம் கொட்டகுடி ஆத்தங்கரையில போயி உக்காந்தேன். எதிர்க்கரை எல்லைக்கு அந்தப் பக்கம். இப்ப எல்லாரும் கோட்டுல நிப்பாங்க, இப்ப துப்பாக்கி வெடிக்கும்னு நினைச்சு நினைச்சு, மனசுக்குள்ளயே நாலு சுத்தும் ஓடினேன். மூணாவது சுத்துல திருச்சிக்காரனைத் தாண்டினேன். நெஞ்சு நிசமாவே அடிச்சுக்கிச்சு. துணி துவைச்சுக்கிட்டிருந்த பொம்பளை, "என்ன தம்பி, மேலுக்குச் சரியில்லையா?"ன்னு கேட்டுச்சு.

திங்கக்கிழமை மத்தியானம் மச்சான் வந்தான். வேணும்னே அன்னைக்கு வந்தான். இன்னும் ஒரு நாள் என் கையில காப்பு இருக்கும், கை ஓங்க முடியாது, வாயைத் திறந்து வைய முடியாது. இதெல்லாம் கணக்குப் போட்டு வந்தவனை என்னன்னு சொல்றது? எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னான்.

"மாப்ளே, கோவப்படாதே. காப்புக் கட்டியிருக்க."

நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

"மூணு வருசம் மாப்ளே. உன் சட்டையையும் துண்டையும் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கயித்துக்கு வெளியில நின்னேன். நீ காய்ச்சலோட ஓடினப்பக்கூட, நீ ஓடு மச்சான்னு உன் வாயில வரலை. எனக்கு ஆசை இருக்காதா?"

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டாக் கொடுத்திருப்பியா?"

மாட்டேன். சத்தியமாக் கொடுத்திருக்க மாட்டேன். அது வேற கதை. நான் கொடுக்க மாட்டேங்கறதால அவன் எடுத்துக்கிறது நியாயமாயிருமா? திருடன் எல்லாரும் இதைத்தானே சொல்லுவான்! கேட்டுக் கொடுக்கலைன்னா மூஞ்சிக்கு நேராச் சண்டை போட்டிருக்கணும். நம்ப வச்சுக் கழுத்தறுக்கிறதுக்கு முதுகை வேற தடவிக் கொடுக்கணுமா?

அப்புறந்தான் அவன் மிச்சத்தைச் சொன்னான். "ரெண்டாவது வந்துட்டேன் மாப்ளே. திருச்சிக்காரன்தான் முதல்ல. ரிசர்வு ஆளு ஓடுறதுன்னா ஒரு வாரம் முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கணுமாம், பேர்ப்பட்டியல் அச்சாயிருச்சு, இனி மாத்த முடியாதுன்னாங்க. அதனால உன் பேருலயே ஓடிட்டேன். ஒரு வகையில உனக்குத்தான பேரு?"

ஏதோ எனக்குச் சீர் கொண்டாந்த மாதிரி சொன்னான். நான் வேட்டி மறைச்சிருந்த அவன் காலைத்தான் பார்த்தேன். அந்தக் காலுக்கு என் பேரு வச்சு ஓட விட்டிருக்கான். முதல்ல வந்தவனோட நேரம் என்னன்னு கேட்டேன். சொன்னான். குரங்கணி மேட்டுல நான் எடுத்த நேரம் அதைவிடக் கம்மின்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். அதை அளந்ததே அவன்தான்.

எங்க ஐயா உள்ளே இருந்து வந்து, "வாங்க மாப்ளை, வெயில்ல ஏன் நிக்கிறீங்க"ன்னு அவனைத் தின்பண்டம் வச்சு உபசரிச்சாரு. தங்கச்சி தண்ணி கொண்டாந்து வச்சிட்டு, தலை குனிஞ்சு என்னைப் பார்க்காமப் போனா. நான் செவ்வாய்க்கிழமை தீச்சட்டி எடுத்து மூணு தெரு சுத்தி வந்தேன். உள்ளங்கை பொசுங்கிச்சு. பக்தி இல்லாமச் சுமந்தா அப்படித்தான் பொசுங்கும்னு பூசாரி சொன்னாரு. அவருக்கு என்ன தெரியும்! காப்பை அவுத்ததும் மச்சானைத் தேடினேன். விடியறதுக்குள்ள அவன் மதுரைக்கு வண்டியேறியிருந்தான். காலேசு பங்குனியிலதான் திறக்கும்னு அவன் சொன்னதும் பொய்தான், திறந்து அஞ்சு நாள் ஆகியிருந்துச்சு.

நானும் போனேன். போனதும் டிரில் மாஸ்டர் ரூமுக்குத்தான் போனேன். பொசுங்கின கையில போட்டிருந்த கட்டைக் காட்டி எல்லாத்தையும் கொட்டினேன். அவரு கதவைச் சாத்தினாரு.

"ஏதோ நூலைக் கட்டிக்கிட்டு நீ வர முடியாதுன்னுட்டேன்னு அவன் சொன்னான். பொய்யா?"

"நூலு கட்டினது நிசம் சார். வர முடியாதுன்னு நான் சொல்லவே இல்லை."

"சரி. இப்ப என்ன செய்யணும்கிற? கேடயம் நமக்கு ஒரே ஒரு பாயிண்டுல கிடைச்சிருக்கு. மைல்ல ரெண்டாவது வந்த பாயிண்டும் அதுல சேர்த்தி. ஆள்மாறாட்டம்னு வெளியே தெரிஞ்சா கேடயம் போச்சு. ஹாக்கிப் பையன்ல இருந்து அத்தனை பேரும் தலைகுனியணும். காய்ச்சல்ல இருந்து எந்திரிச்சு வந்து ஓடின பையன்கள்டா. அவங்களுக்கும் இது கடைசி வருசந்தான். நீயே சொல்லு."

கோவத்தோட உள்ளே போனவன் வாயை மூடிக்கிட்டு வெளியே வந்தேன். உயரம் தாண்டுறவன் வராந்தாவுல என்னைக் கட்டிப்பிடிச்சு, "எப்படியோ நம்ம ஜெயிச்சிட்டோம்ல!"ன்னான். அவனுக்கு விவரம் தெரியும். எல்லாருக்குமே தெரியும். பிரின்சிபாலுக்கு மட்டுந்தான் தெரியாது. அவரு வெள்ளைக்காரர், கிட்டப்பார்வை, பந்தயத்தைத் தூரத்துல நாற்காலி போட்டு உக்காந்து பார்த்தவரு.

பங்குனியில காலேசு விழா. மண்டபம் நிறைய ஜனம். நான் கடைசி வரிசையில ஒரு தூணுக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன். ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்துக்கிட்டு வந்தாங்க. ஒரு மைல்னு சொல்லி என் பேரைக் கூப்பிட்டாங்க. எந்திரிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். மறுபடி கூப்பிட்டாங்க. மண்டபமே திரும்பிப் பார்த்துச்சு. கேடயம் ஜெயிச்ச பையன்கள் மூச்சை அடக்கிக்கிட்டு என்னையே பார்த்தாங்க. மச்சான் மூணாவது வரிசையில தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

எந்திரிச்சுப் போனேன். மேடை ஏறினேன். பிரின்சிபாலு மெடலைக் கையில கொடுத்து, ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சாரு. நல்ல மனுசன். கடைசிச் சுத்துல நீ தடுக்கி விழுந்ததும் எந்திரிச்சு ஓடினதும் என் கண்ணுலயே நிக்குதுப்பான்னு இங்கிலீசுல சொல்லிட்டு, என் காலைக் குனிஞ்சு பார்த்து, இப்ப வலி எப்படி இருக்குன்னு கேட்டாரு.

எந்தக் கால்னு எனக்குத் தெரியலை. அவன் விழுந்ததே எனக்கு அப்பத்தான் தெரியும்.

"சரியாப் போச்சு சார்"னேன்.